கரியாலூர் மந்திரத்தின் பழைய பாதி

இங்கிலாந்தில் இன்று சூனியக்காரர்கள் ஓதும் மந்திரங்கள் வழிவழியாக வந்த தொன்மையானவையே என்று கள்ளக்குறிச்சிக் கல்லூரிப் பட்டிமன்றத்தில் வாதாடி வென்று, பரிசுக் கோப்பையோடு கரியாலூர்ப் பேருந்தில் அமர்ந்திருந்தேன். முன்னிருக்கையில் ரிஷிவந்தியத்துக் கூத்து வாத்தியார் ஒருவரும், மலையில் மந்திரித்துத் திருநீறு போடும் பூசாரி ஒருவரும் பேசிக்கொண்டு வந்தனர்.

“பூசாரி, உன் மந்திரத்துல பாதி நான் எழுதினது, ஞாபகம் இருக்கா?” என்றார் வாத்தியார்.

“மெதுவாப் பேசுங்க வாத்தியாரே. பஸ்ல பாதிப் பேரு நம்மகிட்ட வர்ற ஜனம்.”

“எம் பொண்ணு ஒரு வாரமா தூக்கத்துல அலறிக்கினு கெடக்குது. வெள்ளிக்கிழமை கூட்டியாரேன். அதுக்கு என் பாதி வேணாம். எதுகைக்காகக் கொல்லிமலைக் காளிய இழுத்தாந்தவன் நானு. உங்க அப்பாரு சொல்லிக்குடுத்த பழைய பாதிய மட்டும் சொல்லு.”

பூசாரி சன்னல் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

“அப்பாரு இன்னா சொல்லிக்குடுத்தாரு? வாயத் தொறக்காமலே போய்ச் சேந்துட்டாரு. உங்ககிட்ட கொண்டாந்த பாதி நானே கட்டினதுங்க. கூத்துக்காரராச்சே, நீங்க சேக்கிறதாவது பழசா இருக்கும்னு நெனச்சேன்.”

“அப்ப அதுல பழசுன்னு இன்னாதான்யா இருக்குது?”

“ஒண்ணுமில்லீங்க. எலுமிச்சம்பழம்கூட அன்னன்னிக்கு வாங்குறதுதான்.”

பேருந்து மூன்று கொண்டையூசி வளைவுகளைத் தாண்டியது. வாத்தியார் பூசாரியின் பக்கம் சாய்ந்தார்.

“வெள்ளிக்கிழமை காலையிலயே கூட்டியாரேன். முழுசாவே சொல்லிடு.”