பல்கேரியாவில் இருந்து ஒரு கிளாரினெட்

—திரும்பவும் போடு. அந்த டக்குன்னு சத்தம் வர்ற எடத்துல இருந்து.

—எதுக்குக்கா? இப்பத்தான் முழுசாக் கேட்ட.

—போடுங்கறேன்ல கதிரு.

—சார்ஜ் இல்லைக்கா. அஞ்சு மணிக்கு மீட்டிங் வேற இருக்குது. பேசறதுக்கு நான் இன்னும் எதுவும் யோசிக்கவே இல்லை.

—அப்ப என் போன்ல போடறேன். உன் பாட்டுக் குரூப்புல நானும்தான் இருக்கறேன், மறந்துட்டியா? ஓசூர் ஆஸ்பத்திரியில டூட்டி முடிச்சு பஸ் ஏறுனா, நீ சொல்ற ஆளுங்களைத்தான் கேட்டுக்கிட்டு வருவேன். மாலியில கிடார் வாசிக்கற கெழவி. ஐஸ்லாந்துல காலிக் கிடங்குக்குள்ள நின்னு பாடற அண்ணன் தங்கச்சி. எங்கிருந்துதான் புடிக்கறான் என் தம்பி இவுங்களையெல்லாம்னு இருக்கும். பக்கத்து சீட்டு அம்மாவுக்குக்கூட ஒரு காதுல மாட்டி விட்டிருக்கறேன்.

—அதுக்குத்தானேக்கா குரூப்பே. ஒருத்தருக்கும் தெரியாத நல்ல ஆளை வாரம் ஒருத்தரா எடுத்துச் சொல்றது.

—ந்தா, வருது பாரு. டக். கேட்டுச்சா?

—அது பழைய கிளாரினெட்டுக்கா. மரம் காஞ்சு போச்சுன்னா அப்படித்தான் சத்தம் வரும்.

—மரமா? அது சைக்கிள் டியூபு சாமி. அப்பாவோட கிளாநெட்டுல கீழ வெரல் அமுத்தற சாவி ஒடைஞ்சு, ரப்பரை அறுத்துக் கட்டி வெச்சிருக்கறாரு. வெரலை எடுத்தா டக்குன்னு அடிக்கும். அந்த ரப்பரை அறுத்துக் குடுத்ததே நானு. என்கிட்டயே மரங்கற.

—போனைக் குடுக்கா.

—இரு. கீழ நீ என்ன எழுதியிருக்கறன்னு படிக்கறேன், கேளு. “பல்கேரியாவின் மலைக் கிராமம் ஒன்றில் ஆடு மேய்ப்பவர் ஸ்டோயன். மேடை ஏறியதில்லை. இறந்தவர்களுக்காக மட்டுமே வாசிப்பார். இது அவருடைய மனைவி எலேனாவின் இறுதி ஊர்வலத்தில் பதிவானது.” யாருடா எலேனா?

—மெதுவாப் பேசுக்கா.

—அப்பா இன்னும் வரலை. கடத்தூர் சாவுக்கு வாசிக்கப் போன பேண்டு செட்டு, வர நேரமாவும். யாருடா எலேனா? நம்ம அம்மாவுக்குத் தீர்த்தம்மாள்னு ஒரு பேரு இருந்துச்சே, அது எங்க போச்சு?

—வேணும்னு பண்ணலைக்கா.

—வேணும்னு பண்ணாமயே பல்கேரியா வரைக்கும் போயிட்டியா?

—மொதல்ல, நீ குரூப்புல சேர்றதுக்கு முன்னாடி, உண்மையாத்தான் போட்டேன். நம்பு. “காரிமங்கலம் பக்கத்துல சென்றாயன்னு ஒருத்தர், பேண்டு செட்டுல கிளாரினெட் வாசிக்கறார், ஒருக்கா கேட்டுப் பாருங்க”ன்னு. எங்கப்பான்னு மட்டும் சொல்லலை.

—சரி, அப்பறம்?

—ஒருத்தன் சிரிப்புப் பொம்மை போட்டான். இன்னொருத்தன், யாருங்க செத்ததுன்னு கேட்டான். அதுக்கு மொத்தக் குரூப்பும் சிரிச்சுது. கலைவாணன் சார்னு ஒருத்தரு, அவருதான் குரூப்பை நடத்தறாரு, “ஆர்வம் நல்லது தம்பி, ஆனா நம்ம தரத்துக்குக் கொஞ்சம் தேடணும்”னாரு. முழுசா ஒருத்தரும் கேக்கலைக்கா. கேட்டிருந்தா எப்படிச் சிரிப்பு வரும்?

—நீ என்ன சொன்ன?

—நானா?

—ஆமா, நீதான்.

—நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன்.

—ம்.

—போட்டுட்டுத்தான் எல்லாத்தையும் அழிச்சேன். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கலைக்கா. மூணு மாசம் கழிச்சு, ஜனங்க பேசற சத்தத்தையெல்லாம் வெட்டிட்டு, அதையே ஸ்டோயன்னு போட்டேன். சும்மா பார்க்கலாம்னுதான். ஒருத்தருக்கும் அடையாளம் தெரியலை. முன்னாடி யாராவது காதைக் குடுத்துக் கேட்டிருந்தாத்தானே தெரியறதுக்கு. இப்ப அதே கலைவாணன் சார் ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கறாரு. மலைகளின் துயரம்னு தலைப்பு. அந்த டக்கு சத்தத்தைக்கூட, காலம் வந்து கதவைத் தட்டற மாதிரி இருக்குதாம்.

—சைக்கிள் டியூபு.

—தெரியுதுக்கா.

—துயரமும் இல்லை, மலையும் இல்லை. அப்பா வேலை முடிஞ்சு வர்றப்ப ஏரிக்கரை மேல நின்னு அதை வாசிப்பாரு. அம்மா காதுல விழுந்ததும் அடுப்புல ஒலை வெக்கும். அவரு வந்து குளிச்சு முடிக்கறதுக்குள்ள களி கிண்டி உருண்டை புடிச்சிரும். வந்துட்டேன், களி கிண்டு. அவ்வளவுதான்டா அந்தப் பாட்டு.

—அம்மா போன அன்னைக்கும் அதையேதானே வாசிச்சாரு.

—அன்னைக்கு அவரு வாசிக்கவே கூடாது. சொந்த வூட்டுச் சாவுன்னா வேற ஊரு செட்டைத்தான் வெக்கணும். இண்டூர் செட்டு வந்திருந்துச்சு. ஏரி முக்குல பாடையை எறக்கி, தலைமாடு கால்மாடு மாத்துனாங்க பாரு, பொம்பளைங்க நாங்க அத்தோட நின்னுட்டோம். அப்பத்தான் வூட்டுக்குத் திரும்பி ஓடி கிளாநெட்டை எடுத்தாந்தாரு. பெரியப்பா கையைப் புடிச்சு இழுத்தாரு. பொண்டாட்டி சாவுக்கு எவனாச்சும் ஊதுவானான்னு ஊரே கேட்டுச்சு. அவரு காதுல வாங்கிக்கலை. நான் மண்ணுல பொரண்டு அழுதுக்கிட்டு இருந்தேன். நீ போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நின்ன.

—எனக்கு அழுகை வரலைக்கா. கையில வேற என்ன பண்றதுன்னு தெரியலை. அதான் புடிச்சேன்.

—புடிச்சதுக்கு நான் ஒன்னும் சொல்லலை. அதுக்கு ஆடு மேய்க்கற கதை எதுக்கு? அங்க ஒருத்தன் சாவுக்கு வாசிச்சா பெரிய கலைஞன். இங்க வாசிச்சா, யாருங்க செத்தது. இதை உங்க சார்கிட்டக் கேளு. அஞ்சு மணிக்கே கேளு.

—இன்னைக்கு மீட்டிங்கே அதைப் பத்தித்தான். பிரியதர்ஷினின்னு ஒருத்தங்க, ஜெர்மனியில இருக்கறாங்க. லீவுக்குப் பல்கேரியா போய் ஸ்டோயனை நேர்ல பார்க்கப் போறாங்களாம். எந்த ஊரு, எப்படிப் போவணும்னு என்னைச் சொல்லச் சொல்றாங்க.

—தர்மபுரியில எறங்கி டவுன் பஸ் புடிக்கச் சொல்லு.

—சிரிக்காதக்கா.

—நான் சிரிக்கலை.

—சொன்னா என்ன ஆவும்னு உனக்குத் தெரியாது. நான் பெங்களூர்ல வளர்ந்தவன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கறாங்க. அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. மியூசிக் டீச்சர்னு சொல்லிட்டேன்.

—அடப்பாவி.

—அவுங்கல்லாம் என்கூடச் சமமாப் பேசறாங்கக்கா. “கதிர், இந்த வாரம் நீங்க என்ன கேக்கறீங்க”ன்னு எவ்வளவு பெரிய ஆளுங்க கேக்கறாங்க. பள்ளிக்கூடத்துல என்னை என்னன்னு கூப்புட்டாங்கன்னு ஞாபகம் இருக்குதா?

—டண்டனக்கான்னு. என்னையும்தான் கூப்புட்டானுங்க. அதுக்காக நான் போய் வேற அப்பனைத் தேடிக்கலை.

—போதும்க்கா.

—அழுவாதே. இந்நேரத்துக்கு வர்ற அழுகை அன்னைக்கு வந்திருக்கணும். டெம்போ சத்தம் கேக்குது பாரு, அப்பா வந்துட்டாரு, மூஞ்சியைத் தொடை.

—அக்கா, சொல்லிராதக்கா. நானே இன்னொரு நாளைக்கு…

—நான் எதுக்குச் சொல்றேன். நீதான் சொல்லணும். அஞ்சு மணிக்கு முன்னாடி சொல்லணும்.

—ஏங் கண்ணு அமுதவல்லி, எப்ப வந்த?

—மதியமே வந்துட்டேங்கப்பா. சாப்புட்டீங்களா?

—ஆங், அங்கயே ஆச்சு. பெரிய சாவு கண்ணு. நல்லா வாழ்ந்து முடிச்ச மனுசி, பேரனுங்க ஆட்டத்தை நிறுத்தவே உடலை. ஒதடு பொத்துப் போச்சு. கொஞ்சம் தண்ணி குடு. என்ன கதிரு, மூஞ்சி இப்படிக் கெடக்குது?

—ஒன்னும் இல்லைங்கப்பா.

—அஞ்சு மணிக்கு என்னமோ கூட்டம்னயே. சட்டை மாத்தலையா?

—போன்லதாங்கப்பா.

—போன்னாலும் மூஞ்சி தெரியுமில்ல. நல்ல சட்டையாப் போடு.

—அப்பா, கதிரு உங்ககிட்ட என்னமோ சொல்லணுமாம்.

—இல்லைங்கப்பா. அக்கா சும்மா சொல்லுது.

—சரி, அப்ப நான் ஒன்னு சொல்றேன். திரும்பி வர்றப்ப நம்ம செட்டு பச்சியப்பன் மவ ஐஸ்வர்யா நம்ம டெம்போலயே ஏறிக்கிச்சு, காலேஜ் விட்டு வந்த புள்ளை. பெரியப்பா, கதிர் அண்ணன் குரூப்புல ஒரு வெளிநாட்டுக்காரரு உங்களாட்டமே வாசிக்கறாரு, கேளுங்கன்னு போன்ல போட்டுச்சு.

—ஐஸ்வர்யாவாங்கப்பா?

—டெம்போ சத்தத்துல மொதல்ல ஒன்னும் வெளங்கலை. டிரம்மெல்லாம் வேற ஒன்னோட ஒன்னு இடிச்சுக்கிட்டு வருது. அப்பறம் பச்சியப்பன் வண்டியை ஓரங்கட்டச் சொன்னான். அன்னைக்கு ஏரி முக்குல என் பக்கத்துல நின்னவன் இல்ல அவன். பாட்டு முடிஞ்சதும் எறங்கிப் போய் ஒரு பீடி புடிச்சுட்டு வந்தான்.

—அப்பா, நான்…

—நல்லாத்தான் வாசிச்சிருக்கறாரு அந்த ஆளு. ஒரு எடத்துல மூச்சு தப்புது. அழுதுக்கிட்டு ஊதுனா அப்படித்தான் ஆவும்.

—இப்பவே எடுத்துர்றேங்கப்பா. எல்லாத்தையும் அழிச்சிர்றேன்.

—எதுக்கு அழிக்கற? கீழ எழுதுனதையெல்லாம் அந்தப் புள்ளை படிச்சுக் காட்டுச்சு. துபாய்ல ஒருத்தரு, சம்சாரம் போனதுல இருந்து தெனம் இதைக் கேட்டுட்டுத்தான் படுக்கறேன்னு எழுதியிருக்கறாரு. நமக்கு யாரு கண்ணு அப்படியெல்லாம் சொல்றாங்க? வாசிச்சு முடிச்சா, அந்தாண்ட போய் உக்காருங்கப்பாம்பாங்க. அவ்வளவுதான்.

—அஞ்சு மணிக்கு நான் சொல்லிர்றேங்கப்பா. அது நீங்கதான்னு எல்லாருக்கும் சொல்லிர்றேன்.

—அது வேணாம் கண்ணு.

—ஏங்கப்பா வேணாம்? சொல்லட்டும் அவன்.

—நீ சும்மா இரு அமுதவல்லி. அவனுக்கு அங்க ஒரு எடம் கெடைச்சிருக்குது. நான் சுமந்ததை அவன் தலையில எதுக்கு ஏத்தணும்? இவன் பத்தாவது படிக்கறப்ப ஒருக்கா, பொணம் இவன் பள்ளிக்கூடத்து வழியாப் போச்சு. பசங்கல்லாம் கேட்டுல நின்னானுங்க. நான் செட்டுத் தொப்பியை மூஞ்சி மேல இழுத்து உட்டுக்கிட்டு வாசிச்சேன். கதிரோட அப்பன்னு எவனும் கண்டுபுடிச்சிரக் கூடாதுன்னு.

—நான் பார்த்தேங்கப்பா.

—பார்த்தியா?

—செவுத்துக்குப் பின்னாடி குனிஞ்சுக்கிட்டேன். ஆனா பார்த்தேன்.

—சரி போவுது. அன்னைக்குத் தொப்பி, இன்னைக்கு அந்த ஸ்டோயனோ என்னமோ. எனக்கு ரெண்டும் ஒன்னுதான்.

—அப்படிச் சொல்லாதீங்கப்பா.

—கோவத்துல சொல்லலை கண்ணு. மணி ஆவுது, உங்காளுங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. ஒன்னே ஒன்னு கேட்டுட்டு உட்டுர்றேன். என் பேரு என்னவா வேணாலும் இருந்துட்டுப் போவட்டும், எந்த ஊர்க்காரனா வேணாலும் சொல்லிக்க. ஆனா அந்தச் சத்தம் கேட்டு ஒலை வெச்சவளுக்கு வேற என்னமோ பேரு போட்டிருக்குதுன்னு அந்தப் புள்ளை படிச்சுச்சு. அதை மட்டும் தீர்த்தம்மாள்னு மாத்தித் தர்றியா?