ஓரத்தில் நின்றவள்

சுவர்க் காலண்டருக்குப் படம் பொறுக்குவது விளையாட்டு வேலை என்று நினைத்துக்கொண்டுதான் எல்லோரும் எங்கள் அச்சுக்கடைக்குள் நுழைகிறார்கள். ஊர் சுற்றி வந்த சூடு ஆறுமுன் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். உள்ளே படம் கொட்டிக் கிடக்கும், மாதமோ பன்னிரண்டுதான். அங்கே ஆரம்பிக்கும் வம்பு. "நான் பொறந்த மாசத்துல உங்கம்மா எதுக்கு நிக்கறாங்க?" என்பாள் மனைவி. "சரி, பிப்ரவரில போட்டுக்கலாம், நாளாவது கம்மி" என்பான் கணவன். நான் சிரிக்காமல் கேட்டுக்கொள்வேன்.

ஏன் நிற்கிறீர்கள் மகளே, உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். என் இடது கையைப் பார்க்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். பொய் என் வாயில் வராது.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது விளங்கும். காலண்டர் தாளில் படத்துக்கென்று இருப்பது ஒரு சதுரம். சுற்றுலாப் படங்களோ அகலமாக எடுத்தவை. ஆகவே ஏதாவது ஒரு ஓரம் போயே தீரும். எந்த ஓரம் என்று வாடிக்கையாளரைக் கேட்டால் அன்றைக்குக் கடை அடைத்த மாதிரிதான். நாமே பார்த்து வெட்டிவிட வேண்டும். மாட்டிய பிறகு ஒருவரும் வந்து சண்டை போட்டதில்லை. ஓரத்தில் இருந்ததை யாரும் தேடுவதில்லை. இது என் அனுபவம்.

நானும் என் தங்கையும் அவள் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தோம். பிள்ளையை நாங்கள் சிட்டு என்று கூப்பிடுவோம். அவள் பிறக்குமுன்பே தகப்பன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். எனக்குக் குடும்பம் அமையவில்லை. லீவு கிடைத்தால் மூவரும் கிளம்பிவிடுவோம். ஏரி, மலை ரயில், அருவி, கடல். வழியில் போகிறவர்களிடம் போனைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வோம். எல்லாப் படத்திலும் ஒரே வரிசைதான்: இடது ஓரத்தில் தங்கை, நடுவில் சிட்டு, வலது ஓரத்தில் நான். தங்கை கையை நீட்டிச் சிட்டுவை அணைத்துப் பிடித்திருப்பாள். அவள் உள்ளங்கை பிள்ளையின் அந்தப் பக்கத்துத் தோளில், எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கும்.

பிறகு தங்கைக்கு நெஞ்சில் ஒரு தொற்று வந்தது. மலை மேல் இருக்கிற ஆஸ்பத்திரியில் நீண்ட நாள் தங்க வேண்டும், குழந்தைகள் பக்கத்திலேயே போகக் கூடாது என்றார்கள். கிளம்புகிற அன்று அவள்தான் சொன்னாள்.

"அக்கா, நாம போன ஊர்ப் படமெல்லாம் போட்டு ஒரு காலண்டர் பண்ணிக் கொடு. மாசா மாசம் என் மூஞ்சி அவ கண்ணுல படணும். நான் திரும்பி வர்றப்போ யாரு நீங்கன்னு கேட்டுடப் போறா."

"அதெல்லாம் கேக்கமாட்டா. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

பண்ணிக் கொடுத்தேன். நல்ல தடித்த தாள். பன்னிரண்டு மாதமும் தங்கை முழுசாக நின்றாள். சாப்பாட்டு மேசைக்கு எதிரே மாட்டினேன்.

காலையில் எழுந்ததும் சிட்டு அதன் அடியில் போய் நிற்பாள். "அம்மா, எறங்கி வா" என்பாள். இறங்கி வராததால் அழுவாள். அழுதுவிட்டுச் சாப்பிட மாட்டாள். ஒரு பிள்ளை தினமும் பட்டினி கிடப்பதை உங்களால் பார்க்க முடியுமா? தங்கை வீடியோவில் கூப்பிட்டால் அன்றைக்கு முழுக்க ரகளை. போனைப் பிடித்துக் கடிப்பாள், உள்ளே போகிறேன் என்பாள். நடந்ததை நடந்தபடி தங்கையிடம் சொன்னேன். கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கலாம். "வேணாங்க்கா, இனிமே நான் கூப்பிடல. நீயே அவ எப்படி இருக்கான்னு சொல்லு" என்றாள். முடிவு அவளுடையது. நான் குறுக்கே நிற்கவில்லை.

மார்ச் மாதத் தாளைத் திருப்ப வேண்டியிருந்தபோது யோசித்தேன். புண்ணில் ஒட்டிய கட்டை வெடுக்கென்று பிடுங்கினால் தோலோடு வரும். நனைத்து நனைத்து எடுத்தால் வலிக்காது. கம்பிச் சுருளைப் பிரித்து மாட்டுவது எனக்கு ஊக்கு குத்துகிற மாதிரி. மார்ச் தாளைக் கழற்றி, அதே படத்தை மறுபடி அச்சடித்து, இடது ஓரத்தில் கொஞ்சம் எடுத்தேன். தங்கையின் ஒரு தோள் போனது. மிச்சத்தைப் பெரிதாக்கியதில் சிட்டுவின் சிரிப்பு நன்றாக வந்தது.

ஏப்ரலில் பாதி முகம். மே மாதத்தில் காதும் கொஞ்சம் கூந்தலும் மட்டும். சிட்டு அந்த மாதம் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டாள், கன்னத்தில் சதை போட்டது. பக்கத்து வீட்டுக்காரி, "பெத்தவகூட இப்படிப் பாத்திருக்க மாட்டா" என்றாள். அவள் நல்ல பெண். அவளையும் கேட்டுப் பாருங்கள்.

என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், ஓடுகிற ஓட்டத்தில் பெரிம்மா என்றாள், பிறகு ரிம்மா என்றாள். ஒருநாள் குளிக்கப் போகும்போது வெறும் அம்மா என்றாள். சின்ன வாயில் எது நுழைகிறதோ அதுதானே வரும். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

தங்கை போனில் கேட்பாள்: "காலண்டர் பாக்கறாளாக்கா?"

"தெனமும் பாக்கறா."

"அம்மான்னு சொல்றாளா?"

"வாய் ஓயாம சொல்றா."

இதில் எது பொய், சொல்லுங்கள்.

வருஷம் முடிகிற சமயத்தில் தங்கை குணமாகிவிட்டாள். "அடுத்த வாரம் அனுப்பறாங்களாம்" என்று அழுதாள், சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்று மத்தியானம் தண்ணீர் குடிக்கும்போது சிட்டுவுக்குப் புரையேறியது. நான் தங்கையிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "இருமறா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். தன்னுடைய நோய் பிள்ளைக்குத் தாவிவிட்டதோ என்று அவளே பயந்து, அவளே டாக்டரிடம் கெஞ்சி, இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்துகொண்டாள். அந்தப் பயத்தில் இளைத்துப் போனாளாம். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த இடைவெளியில் புது வருஷத்துக் காலண்டரை முடித்தேன். அதே படங்கள். நடுவில் சிட்டு, பக்கத்தில் நான். தங்கையின் கை மட்டும் மிச்சம். பிள்ளையின் தோளில் அது இருந்ததால் அதை வெட்ட வழியில்லை. வெட்டினால் சிட்டுவையும் வெட்ட வேண்டும். அவளை நான் வெட்டுவேனா?

சிட்டு ஸ்டூலில் ஏறி நின்று அந்தக் கையைத் தடவினாள்.

"இது யாரு கை?"

"யாருது மாதிரி இருக்கு?"

"உன்னுது. ஆனா உன் கைல இந்த முக்கோணம் இல்லியே?"

முக்கோணம் என்றது தழும்பை. சின்ன வயதில் நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது தங்கையின் கை குறுக்கே வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் மூக்கு புறங்கையில் அப்படியே பதிந்தது. குறுக்கே வந்தது என்றுதான் வீட்டிலும் சொன்னேன், நம்பினார்கள்.

சிட்டுவிடம் என்ன சொல்வது? என் கை என்று சொன்னால் பொய். குழந்தையிடம் பொய் சொல்லக் கூடாது. உன் அம்மாவின் கை என்று சொன்னால் மறுபடி அழுகை, மறுபடி பட்டினி. ஆகவே அவள் பள்ளியில் இருந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினேன். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், சாய்வு மாறக்கூடாதே. இடது கை. வலது கை கத்திக்கு வேண்டும். கையில் கொதிக்கிற எண்ணெய் பட்டுவிட்டது என்று கடையில் சொல்லி லீவு போட்டேன். நான் சொன்ன பொய் அது ஒன்றுதான், அதுவும் முதலாளியிடம்.

கட்டுப் பிரித்த அன்று சிட்டு என் கையைப் படத்தோடு வைத்துப் பார்த்தாள். "ஆமா, உன்னுதுதான்" என்றாள். அதன் பிறகு அந்தக் கேள்வி இல்லை. பிள்ளை சொன்னதை உண்மையாக்க எத்தனை பேர் இவ்வளவு தூரம் போவார்கள்?

மார்ச்சில் தங்கை வந்தாள். வாசலில் பையைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தாள். சிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாள். தங்கை ஒல்லியாகப் போயிருந்தாளே, முடியை வேறு கத்தரித்திருந்தார்கள். எந்தக் குழந்தையும் கொஞ்சம் மிரளத்தான் செய்யும் என்று சமாதானம் சொன்னேன். தங்கை சுவரைப் பார்த்தாள். பக்கத்தில் போய் ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்தாள். ஏரி. மலை ரயில். அருவி. கடல். கடைசித் தாள் வரைக்கும் போய், மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

"அக்கா, நான் எங்கே?"

"எடம் பத்தலை" என்றேன்.

அவள் கத்தவில்லை. கத்துவாள் என்றுதான் நான் தயாராக இருந்தேன். அவள் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்தாள். முழங்கால் தட்டுகிற சத்தம் கேட்டது. இடது கையைச் சிட்டுவிடம் நீட்டினாள்.

"சிட்டு, இதப் பாரு. இதத் தடவிக்கிட்டேதானே தூங்குவ? இது யாருன்னு சொல்லு கண்ணு."

சிட்டு எட்டிப் பார்த்தாள். அந்தத் தழும்பைப் பார்த்தாள். பிறகு என் இடது கையைப் பிடித்துத் திருப்பி இதையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னிடம் சொன்னாள்.

"அம்மா, இவங்க உன் கையப் பாத்து காப்பி அடிச்சிருக்காங்க."

தங்கை அப்படியே கையை மடக்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம்தான் உங்கள் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள். அவள் எழுதிக் கொடுத்தது அத்தனையும் சரி. ஆமாம், என் தங்கையை அவள் பிள்ளையின் மனதிலிருந்து எடுத்தது நான்தான். வலிக்காமல் எடுத்தேன். வெட்டிய ஓரங்கள் எல்லாம் என் பீரோவில், மாத வரிசையில், உறை போட்டு இருக்கின்றன. ஒரு துண்டு எறியவில்லை. கூடப் பிறந்தவளை எறிய மனசு வருமா?

சிட்டுவை எங்கே தங்க வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்குச் சட்டம் இருக்கும். ஆனால் எழுதி முடிப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள் மகளே. அவளைக் கூப்பிட்டு, உன் அம்மா யார் என்று நீங்களே கேளுங்கள். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. நான் அப்படி வளர்க்கவில்லை.