கொரியாக்காரரின் கலைந்த கட்சி

அபுதாபி ருவைஸில் எண்ணெய் டேங்க் கட்டினேன், தொழிலாளர் கேம்ப் கட்டினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் கம்பெனியோடு மல்லுக்கட்டி ஆட்களை வேலைக்கு ஏற்றிப்போகும் இந்த பஸ்ஸையும் வரவழைத்தேன். அதில் ஒரு வெல்டர், பக்கத்திலிருந்த ஃபிட்டரிடம் புலம்பினார்.

"கொரியாக்கார சூப்பர்வைசரோட கட்சியையே கலைச்சிட்டாங்களாம் பாய். மனுசன் துக்கத்துல இருப்பாரேன்னு லீவு கேக்காம வந்துட்டேன். அடுத்த வாரம் தங்கச்சி கல்யாணம்."

"அதே ஆளுங்க வேற பேர்ல ஆரம்பிச்சாச்சு மாப்ள. கொரியாவுல அடிக்கடி நடக்குறதுதான்."

"கொள்கை?"

"பாதி பழசு. பாதி, எதிர்க்கட்சிலேர்ந்து வந்தவங்களோடது."

"அப்ப அவரு ஆளுங்கட்சியா, எதிர்க்கட்சியா?"

"கேட்டேன். தேர்தல் முடியட்டும், சொல்றேன்னாரு."

"துக்க மூஞ்சியா, சந்தோச மூஞ்சியா, நான் எந்த மூஞ்சியோட பாய் போறது?"

"இருக்குற மூஞ்சியோட போ. யல்லா!"

பஸ் நின்றதும் வெல்டர் சூப்பர்வைசர் அறைக்கு ஓடினார். லீவு கிடைத்தால், இந்தப் பேச்சு நடந்த பஸ்ஸை வரவழைத்த என் பெயரையும் கல்யாண வீட்டில் சொல்லியாக வேண்டும்.