மொக்கையன் சொன்னது

ரிஜிஸ்திரார்: உன்னய நான் கேக்கல. உங்க அண்ணன் மொக்கையனைக் கேளு.

வீரணன்: கேட்டுட்டேன் ஐயா. சம்மதம்ங்கறாரு.

ரிஜிஸ்திரார்: என்னன்னு கேட்ட?

வீரணன்: எழுமலையில இருக்கற மூணு குறுக்கம் புஞ்சையை தம்பி வீரணனுக்குத் தானமா எழுதித் தர்றியான்னு...

ரிஜிஸ்திரார்: அம்புட்டையும் ஒத்தக் கையாட்டல்லயா?

வீரணன்: பொறந்ததுல இருந்தே காதும் கேக்காது, பேச்சும் இல்ல ஐயா. இதுவே சாஸ்தி.

ரிஜிஸ்திரார்: ஆனா அவரு ரொம்ப நேரம் ஆட்டினாரே. நெஞ்சத் தொட்டாரு. தரையக் காட்டினாரு. ஏர் புடிக்கிற மாதிரி கைய வச்சாரு. அப்புறம் உன்னயக் காட்டி, வாசலக் காட்டினாரு.

வீரணன்: ரொம்பச் சம்மதம்ங்கறாரு.

ரிஜிஸ்திரார்: ஓகோ... சரி, அவருக்குச் சொந்தமா யோசனை உண்டா?

வீரணன்: அதுக்கு ஏதுங்கய்யா யோசனை?

ரிஜிஸ்திரார்: அதுவா?

வீரணன்: ...அவருக்கு. நாம மனசுக்குள்ள பேசிக்கிறோம், யோசிக்கிறோம். பேச்சே இல்லாதவரு எத வச்சு யோசிப்பாரு? எங்க வீட்டுக் காளை மாதிரிதான். பசிச்சாத் திங்கும், இழுத்தா வரும்.

ரிஜிஸ்திரார்: காளைக்கும் யோசனை கெடையாதா?

வீரணன்: இருந்தா சந்தைக்கு விக்கக் கூட்டிட்டுப் போறப்ப கூடவே நடந்து வருமா?

ரிஜிஸ்திரார்: இவரு இன்னைக்கு நடந்தா வந்தாரு?

வீரணன்: ...வண்டியிலதான். ஏத்துறதுக்கு மூணு பேரு வேண்டியதாப் போச்சு.

ரிஜிஸ்திரார்: காளைக்கு எத்தன பேரு?

வீரணன்: நான் ஒருத்தனே போதும் ஐயா.

ரிஜிஸ்திரார்: ம்... இப்ப எதுக்கு என்னையப் பாத்துக் கும்பிடுறாரு?

வீரணன்: வெரசா முடிங்கன்னு. அந்தப் பெருவெரல மட்டும் மையில வச்சு அமுக்கிருவோம் ஐயா. வெரலுக்கு எதுக்குப் பேச்சு... ஐயா, நீங்க ஏன் அப்படிக் கையக் கைய ஆட்டுறீக?

ரிஜிஸ்திரார்: கொஞ்சம் பொறு.

வீரணன்: அண்ணன் ஏன் அழுகுறாரு? என்ன கேட்டீக?

ரிஜிஸ்திரார்: நெலம் யாருக்குன்னு கேட்டேன். எனக்குத்தான், நான் உழுற நெலம்ங்கறாரு. நேத்துக் காலையில இருந்து இவன் சோறு போடலன்னும் சொல்றாரு. பத்திரத்த எடுத்துக்க. இது பதிவாகாது. இவரு இங்கயே இருக்கட்டும், சாப்பாடு வருது.

வீரணன்: ஐயாவுக்கு... இதெல்லாம் எப்படி...

ரிஜிஸ்திரார்: எங்க அம்மாவுக்கும் பேச்சு கெடையாது. வீட்டுல நாங்க ரெண்டே பேரு, எல்லாம் கைஜாடைதான். அஞ்சு வயசு வரைக்கும் நானும் ஒரு வார்த்தை பேசுனதில்ல. அப்பவும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், வீரணா.