தம்பியின் ஜன்னலோரச் செடிகள்

எவ்வளவு பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடாக இருந்தாலும், ஏசியின் வெளிப்பெட்டியை வைத்ததும் அதன் முகம் கெட்டுவிடுகிறது. மெக்கானிக்குகள் அதை அவுட்டோர் என்பார்கள். எங்கள் வீட்டில் அது தம்பி அறையின் ஜன்னலுக்குக் கீழே, ஒரு சிமென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தது. கேட்டைத் திறந்ததும் கண்ணில் படுவது அதுதான். துருப்பிடித்த வலை, தொங்கும் குழாய், பக்கத்தில் எப்போதும் ஓர் ஈரத்திட்டு. அதைச் செடி வைத்து மறைக்க நினைத்ததில் தப்பு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

தம்பி என்னைவிட ரொம்பச் சின்னவன். அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியது நான்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நண்பர்களோடு சுற்றப் போன இடத்தில், ஆழம் தெரியாமல் தண்ணீரில் தலைகீழாகக் குதித்துவிட்டான். கழுத்தெலும்பு முறிந்தது. பேச்சும் கேலியும் அப்படியே இருந்தன. தோளுக்குக் கீழேதான் அசைவும் உணர்வும் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவனோடு இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இவருக்கு இனி உடம்பில் வியர்க்காது, அறை சூடானால் உடம்பும் கூடவே சூடேறிக்கொண்டு போகும், கவனிக்காமல் விட்டால் உயிர் தங்காது என்றார். அதற்காகத்தான் ஏசி வாங்கினோம்.

அவுட்டோரின் இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் வைத்தேன். முன்னால் செம்பருத்தி. மேலே ஒரு மூங்கில் தட்டியைச் சாய்த்துக் கொடியை ஏற்றிவிட்டேன். ஒரே மழையில் எல்லாம் மதமதவென்று வளர்ந்து பெட்டி இருந்த இடமே தெரியவில்லை. சர்வீஸுக்கு வந்த மெக்கானிக் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தான்.

"அழகாத்தான் இருக்குக்கா. ஆனா இது உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ற பெட்டி. இப்படிச் சுத்தி அடைச்சா, தள்ளின சூட்டையே திரும்ப இழுக்கும். தாங்காம தானா நின்னுடும். ரெண்டடி விட்டு வெட்டி விட்ருங்க."

சரி என்றேன். வெட்டத்தான் நினைத்திருந்தேன். அப்போதுதான் செம்பருத்தி மொட்டு விட்டிருந்தது, மனசு வரவில்லை.

முதல் தடவை ஏசி நின்றது எனக்குத் தெரியாமல் நடந்தது. சமையலறையிலிருந்து வந்து பார்த்தால் தம்பியின் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது, கண் செருகியிருந்தது. ஈரத்துணியைச் சுற்றினேன், ஐஸ் வைத்தேன், வெளியே ஓடிப்போய்ப் பெட்டியின் மேல் தண்ணீர் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓட ஆரம்பித்தது. சூடு இறங்கியதும் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ மட்டும் இல்லன்னா நான் என்னக்கா ஆயிருப்பேன்" என்றான்.

அதற்கு முன்னால் பல மாதமாக அவன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. சோறு ஊட்டினால் சுவரைப் பார்ப்பான். அன்றைக்குத் தூங்கும்வரை என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு நான் செடியை வெட்டவில்லை. அவன் எப்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டானோ அப்போதெல்லாம் தட்டியைக் கொஞ்சம் நெருக்கி வைத்தேன். கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. அவன் குரலை வைத்தே எனக்கு அளவு தெரியும். முதலில் கோபமாகக் கூப்பிடுவான். அப்புறம் கோபம் போய்ச் சாதாரணமாகக் கூப்பிடுவான். கடைசியில் சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்து கூப்பிட்ட குரல் வரும். அது வந்ததும் உள்ளே போய்விடுவேன். ஒருநாளும் தாமதித்ததில்லை. அவனும் பாவம், மிஷினைத்தான் திட்டுவான்.

அந்தப் பெண் வந்தது அதற்கப்புறம். கை கால்களை அசைத்துப் பயிற்சி கொடுக்க வருகிறவள். ஏதோ பள்ளிக்கூடம் மாதிரி அதட்டி வேலை வாங்கியதால் தம்பி அவளை டீச்சர் என்று கூப்பிட்டான். அவள் வருகிற நாளில் என்னைச் சவரம் செய்துவிடச் சொல்வான். அறையில் அவர்கள் சிரிப்பது வெளியே கேட்கும். ஒருநாள் அவள் போகிறபோது, செடி பெட்டியை மூச்சுமுட்ட வைக்கிறது என்று சொல்லி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் கத்தரியை எடுத்து ஒரு பக்கத்துக் குரோட்டன்ஸை மொட்டையடித்துவிட்டாள். காபி கொடுத்து அனுப்பினேன்.

அவளைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதைத் தம்பிதான் சொன்னான். சக்கர நாற்காலி போகிற மாதிரி டீச்சர் வீட்டு வாசலில் சரிவு கட்டியாகிவிட்டதாம். எனக்கு நல்ல செய்தி சொல்வதாகத்தான் அவன் நினைத்தான்.

"உனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணாமாக்கா? எவ்வளவு காலந்தான் எனக்கே அள்ளிக் கொட்டுவ?"

ஓய்வு வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் அவனைக் கூட்டிப் போக வண்டி வருவதாக ஏற்பாடு. நல்ல வெயில். மதியம் சாப்பாடு ஊட்டிவிட்டு, சார்ஜ் போடுகிறேன் என்று அவன் போனை எடுத்துக்கொண்டேன். வாயால் பெயர் சொன்னாலே கூப்பிட்டுக் கொடுக்கிற போன் அது. கதவைச் சாத்தினேன். வெளியே போய், டீச்சர் மொட்டையடித்த பக்கத்தில் சாக்கை மடித்துப் பெட்டியோடு சேர்த்துச் சொருகினேன். இன்னும் ஒரே ஒரு தடவை உடம்புக்கு வந்தால் போதும், அவள் பயந்துவிடுவாள், போகவில்லை என்று இவனே சொல்லிவிடுவான் என்பதுதான் என் கணக்கு. நிழலில் உட்கார்ந்து செம்பருத்தியில் பழுத்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

பெட்டி நின்றது. அதன் இரைச்சல் அடங்கியதும் அவன் கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது. கோபமாகக் கூப்பிட்டான். பிறகு சாதாரணமாகக் கூப்பிட்டான். அந்த மூன்றாவது குரலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். இல்லை, உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். அப்படி நினைக்கவில்லை. வீம்பு பிடிக்கிறான் என்று நினைத்தேன். நீயா நானா பார்த்துவிடலாம் என்று அங்கேயே இருந்தேன். வெயில் சுவரைவிட்டு இறங்கிய பிறகுதான் எழுந்தேன்.

யாருக்கும் சொல்வதற்கு முன்னால் சாக்கை எடுத்தேன், பெட்டியில் தண்ணீர் அடித்தேன், அறையைக் குளிர வைத்தேன். அவனுக்குத் தலை வாரிவிட்டேன். டீச்சருக்குச் சந்தேகம். அதே மெக்கானிக்கைக் கூட்டிவந்து பெட்டியைக் கழற்றச் சொன்னாள். வலையில் சாக்கு நார் சிக்கியிருந்தது. மீதியெல்லாம் உங்களுக்குத் தெரியும். கொலை என்று எழுதினீர்களானால் கையெழுத்துப் போடுகிறேன், அதில் எனக்கு வாதம் இல்லை.

அவர் யாரையாவது கூப்பிட்டாரா என்று டீச்சர் அன்றைக்கே என்னிடம் கேட்டாள். இல்லை, அமைதியாகத் தூங்கினான் என்றேன். பாவம், அழுதுகொண்டிருந்தாள், அவளுக்காகச் சொன்ன பொய் அது. கூப்பிட்டான். திரும்பத் திரும்ப, அக்கா, அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவளை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.