நெறிக்கட்டிக்கு ஒரு துண்டு

ஆஸ்பத்திரி லாப்பில் கண்ணாடித் துண்டுகளைக் கழுவுவது எனக்குப் பிடித்த வேலை. பட்டதாரிக்குரிய வேலை இல்லைதான். எங்கள் தோட்டத்து லயத்தில் பி.எஸ்சி. முடித்தவள் நான் ஒருத்தி. ஆனாலும் கழுவ வெட்கமில்லை.

நீங்கள் தவமணியைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். சொல்கிறேன்.

நான் ஸ்கூல் போய்க்கொண்டிருந்த காலத்தில் என் அம்மா நல்லம்மாவுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. எங்கள் தேயிலைத் தோட்டம் ரிவர்ஸ்டன் பக்கம். மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போக தோட்டத்து டிஸ்பென்சர் துண்டு எழுதித் தரவேண்டும். டிஸ்பென்சர் நடராஜா ஐயா கட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நெறிக்கட்டிக்கெல்லாம் துண்டா? சுண்ணாம்பத் தடவிட்டு மலைக்குப் போ. மகாராணிக்குக் கொழுந்தெடுக்கக் கசக்குதோ?"

காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களமே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். ஐந்து தரம் கேட்டாள். கட்டி உடைந்து சீழ் வடிந்து, காசம் என்று தெரிந்தபோது அவளுக்கு மிச்சமிருந்தது ஒன்பது நாள்.

போன ஆவணியில் தவமணி வந்தாள். பத்தொன்பது வயது. படிவத்தில் தகப்பன் பெயரைப் பார்த்தேன்: நடராஜா, எங்கள் தோட்டத்து டிஸ்பென்சர். டொக்டர் மெல்லிய ஊசியைக் கழுத்துக் கட்டியில் குத்தி உறிஞ்சினார். "வலிக்கவே இல்ல அக்கா" என்றாள். நல்ல பிள்ளை.

உறிஞ்சியதைத் துண்டில் தடவி, சாயம் போட்டு, மைக்ரொஸ்கோப்பில் வைத்தேன். நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள். காசக்கிருமி. மருந்து கொடுத்தால் குணமாகும். அம்மாவுக்கும் குணமாகியிருக்கும்.

'கிருமி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டொக்டர் என் கையெழுத்தை நம்புவார்.

"வெறும் நெறிக்கட்டிதான் தங்கச்சி. சுண்ணாம்பு தடவுங்க" என்றேன். நான் அநியாயக்காரி இல்லை. ஒரு வழி திறந்துதான் வைத்தேன். "நல்லம்மாவோட மக பாத்துச் சொன்னான்னு அப்பாகிட்டச் சொல்லுங்க."

அடுத்த வாரம் டொக்டரிடம் காட்ட வந்தவளைக் கேட்டேன், அப்பா என்ன சொன்னார் என்று.

"எந்த நல்லம்மான்னு கேட்டாரு அக்கா. தோட்டத்துல நெறைய நல்லம்மா இருந்தாங்களாம்."

சிரித்தாள். கழுத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

தை மாதம் காசம் மூளைக்கு ஏறிச் செத்துப்போனாள். அவளுடைய துண்டு என் மேசை லாச்சியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். அதை மட்டும் நான் கழுவவில்லை.

அம்மாவை அவருக்கு ஞாபகம் இருந்திருந்தால் அன்றைக்கே மகளைக் கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். பிள்ளையைக் கொன்றது அவருடைய மறதி.