ஏறாமல் நிற்கும் பயிற்சி

எனக்கு நல்ல குரல். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் பத்தொன்பது வருடமாகப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொல்கிறேன். வண்டி மூன்று மணி நேரம் தாமதம் என்று நான் சொன்னால்கூட யாரும் கோபப்படுவதில்லை. அதனால்தான் தம்பி மனைவிக்குப் பயிற்சித் தாளை வாசிக்க வீட்டில் என்னைக் கேட்டார்கள். நானாகப் போய் நிற்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தை பிறந்த நாலாம் மாதம் அவளுக்கு அந்த நினைப்புகள் வர ஆரம்பித்தன. குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் விட்டுவிடுவேனோ, காய் நறுக்கும்போது கத்தி இவன் பக்கம் போய்விடுமோ என்று. நினைத்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, குழந்தையை என் கையில் திணித்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவாள். தம்பி அவளை மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போனான். நானும் போனேன். குழந்தையைப் பிடிக்க ஆள் வேண்டுமே.

ஆலோசகர் தங்கமான பெண்மணி. கண்ணை மூடிக்கொண்டு மனதில் காட்சியாகப் பார்க்கச் சொன்னார். நீ ஒரு நிறுத்தத்தில் நிற்கிறாய். கெட்ட நினைப்பு ஒரு பேருந்து. வரும், நிற்கும், கதவைத் திறக்கும். அதைத் துரத்தாதே, அதில் ஏறவும் ஏறாதே. சும்மா நின்று பார், தானாகப் போய்விடும். இதையெல்லாம் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து, தினமும் பத்து நிமிடம் யாராவது நிதானமான குரலில் வாசித்தால் நல்லது என்றார். தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான். எங்க அக்காவுக்கு இதுதானே உத்தியோகம் என்றான்.

முதல் இரண்டு வாரம் தாளில் உள்ளபடியே வாசித்தேன். அவளும் தேறிவிட்டாள். குழந்தையைத் தானே குளிப்பாட்டினாள், பாட்டுகூடப் பாடினாள், சுருதிதான் சேராது. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே, இனிப் பயமில்லை, அவருக்குக் கிடைத்த புது வேலைக்கு வெளியூர் போய்க் குடியிருக்கப் போகிறோம் என்றாள். மூன்று பேரும். மாதத்துக்கு ஒருமுறை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பெரிய மனது பண்ணினாள்.

அந்தத் தம்பியை ஆறு வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவள் நான். அவனுக்காகவே கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அவன் பிள்ளை என் தோளில்தான் தூங்குவான். எனக்கு வயிறு எரிந்தது, அதில் மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் ஒரு வரியை மட்டும் மாற்றினேன். ஏறாதே என்ற இடத்தில், ஏறி உட்கார் என்று வாசித்தேன். இரண்டு நாள் கழித்து, எங்கே போகிறது என்று ஜன்னல் வழியாகப் பார் என்றேன். அடுத்த வாரம் குளியலறையில் இறக்கிவிட்டேன். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, உன் கை எங்கே இருக்கிறது, குழந்தை சத்தம் போடுகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் கண்ணைத் திறக்கப் பார்த்தாள். பயிற்சியில் இது அடுத்த கட்டம் என்றேன், நம்பினாள். ஆலோசகரைப் பார்க்கப் போகும் நாளையும் ஏதேதோ சொல்லித் தள்ளிப்போட்டேன். ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை.

ஆறாவது வாரம், பால் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். குழந்தையின் போட்டோவைக்கூடப் பார்க்க மாட்டேன் என்கிறாள் என்று தம்பி அழுதான். நான்தான் அவனுக்குச் சோறு போட்டு, தலையைத் தடவிக்கொடுத்தேன்.

நான் வேலைக்குப் போகும் நேரங்களில் போட்டுக் கேட்பதற்காக, என் வாசிப்பையெல்லாம் தன் போனில் பதிவு செய்துவைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. சொன்னதைச் செய்கிற பெண், பாவம். விசாரணைக்கென்று என்னைக் கூப்பிட்டு நீங்கள் இப்போது போட்டுக் காட்டிய கடைசிப் பதிவில் அவள் ஒன்று கேட்கிறாள்.

"அக்கா, நான் அவன ஒண்ணும் பண்ணிட மாட்டேன்ல?"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். மடியில் கிடந்த குழந்தையின் முடியைக் கோதிக்கொண்டிருந்தேன். இப்படிப் பயந்து சாகிறவள் பிள்ளைமேல் ஒரு கீறல்கூட விழ விடமாட்டாள் என்று ஆலோசகர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். தாளின் கடைசி வரியும் அதுதான். அதை வாசிப்பதை நான் நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது.

"எனக்கு எப்படிம்மா தெரியும்" என்றேன்.

பொய் சொல்லி ஒருவரைத் தேற்றுகிற பழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.